வெளிநாட்டுல சாப்பிட்டா டிப்ஸ் எவ்வளவு வைக்கறது? மூணு வழிய எடை போட்டுப் பாத்தது

ஜூன் லீவும் டிசம்பர் லீவும் வந்தா போதும், எங்க குடும்ப வாட்ஸப்ல ஒரே கேள்விதான் வேற வேற ஊர்லேர்ந்து வரும். "அக்கா, லண்டன்ல பில்லுலயே 12.5% போட்டுட்டான், அதுக்கு மேலயும் வைக்கணுமா?" "அண்ணி, ஜப்பான்ல டிப்ஸ் வச்சா கோவிச்சுக்குவாங்களாமே?" "சித்தி, இங்க மெஷின்ல 18, 20, 25னு காட்டுது, பின்னாடி வரிசையில ஆள் நிக்குது, சீக்கிரம் சொல்லுங்க!" கடைசிக் கேள்வி அமெரிக்காவுலேர்ந்து, நம்ம நேரம் விடியக்காலம் மூணு மணிக்கு வந்தது, நான் தூங்கிட்டேன், அவன் பயத்துல 25 அமுக்கிட்டான், கேட்டா ஒரு கப் காப்பிக்காம்.

எனக்கும் பட்டுத்தான் தெரிஞ்சுது. நியூயார்க்ல ஒரு தடவை நாங்க ஏழு பேரு சாப்பிடப் போனோம், நாங்க நாலு பேரு, மாமியார், நாத்தனாரும் அவங்க வீட்டுக்காரரும். சாப்பாடு 240 டாலர், அந்த ஊர் விற்பனை வரி 8.875%, அதாவது 21 டாலர் 30 சென்ட். அதுக்குக் கீழ சின்ன எழுத்துல 18% கிராஜுவிட்டின்னு, அதாவது டிப்ஸ்னு, 43 டாலர் 20 சென்ட் ஏற்கெனவே சேத்திருந்தாங்க, ஏன்னா அங்க ஆறு பேருக்கு மேல ஒண்ணா உக்காந்தா நிறைய கடையில தானா சேத்துடுவாங்க. எங்க வீட்டுக்காரர் அந்த வரியப் படிக்கல. கார்டு ஸ்லிப்புல டிப்ஸ்னு ஒரு இடம் காலியா இருந்துச்சு, காலியா விட்டா மரியாதை இல்லைன்னு மொத்தத்துக்கும் 20% கணக்குப் போட்டு 60னு எழுதிக் கையெழுத்தப் போட்டுட்டார். ஆக 240 டாலர் சாப்பாட்டுக்கு 103 டாலர் டிப்ஸ். ஓட்டல் ரூமுக்கு வந்து பில்ல விரிச்சுப் பாத்துட்டு மாமியார் கேட்டாங்க பாருங்க, "ஏம்ப்பா, அந்தப் பையன தத்து எடுத்துக்கிட்டியா?"

அதுக்கப்புறந்தான் உக்காந்து யோசிச்சேன். அவர் மேல தப்பு சொல்லி என்ன பண்றது, நாம வளந்த பில்லு அப்படி.

முதல்ல நம்ம ஊர் பில்லு

சிங்கப்பூர்ல மெனுவுல ++ னு போட்டிருந்தா நாம பழக்கத்துல "சரி, 19% கூட வரும்"னு நினைச்சுக்குவோம். ஆனா வர்றது 19 இல்ல. 100 வெள்ளிக்கு, அதாவது 100 சிங்கப்பூர் டாலருக்கு, சாப்பிட்டா முதல்ல 10% சர்வீஸ் சார்ஜ் சேந்து 110 ஆகும், அந்த 110 மேலதான் ஜிஎஸ்டி 9%, ஆக 119 வெள்ளி 90 காசு. சர்வீஸ் சார்ஜுக்கும் நாம வரி கட்டுறோம். 2022 வரைக்கும் 7, 2023ல 8, 2024 ஜனவரிலேர்ந்து 9னு ஏறினதால இப்ப கொஞ்சம் உறைக்குது. மத்த கடையெல்லாம் ஜிஎஸ்டி சேத்துதான் விலை போடணும், சர்வீஸ் சார்ஜ் வாங்கற சாப்பாட்டுக் கடைக்கும் ஓட்டலுக்கும் மட்டும் அதுல விலக்கு இருக்கு, விலை இதெல்லாம் சேக்காததுன்னு பளிச்சுன்னு எழுதிப் போட்டா போதும். அதனாலதான் அந்த ரெண்டு கூட்டல் குறி மெனுவுக்கு அடியில எறும்பு மாதிரி உக்காந்திருக்கு.

கோப்பிக்கடை, ஹாக்கர் சென்டர்ல இந்தத் தொல்லையே இல்ல, போட்ட விலைதான் விலை. பார்சல் வாங்கினா பெரும்பாலான கடையில சர்வீஸ் சார்ஜ் கிடையாது. சீனச் சாப்பாட்டுக் கடையில கேக்காமலே வந்து உக்காந்துக்கற வேர்க்கடலையும் ஈரத் துண்டும் பில்லுல ஏறும், வேணாம்னா உடனே திருப்பிக் கொடுத்துடணும், தொட்டா நம்மளது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த 10% டிப்ஸ்னு நம்மள்ல பாதிப்பேர் நம்பிட்டிருக்கோம். அது டிப்ஸ் இல்ல. கடையோட வருமானம். பரிமாறறவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கற முதலாளிங்களும் இருக்காங்க, சம்பளத்துக்கோ வாடகைக்கோ எடுத்துக்கறவங்களும் இருக்காங்க, கொடுத்தே ஆகணும்னு இங்க சட்டம் இல்ல. இங்க லிட்டில் இந்தியாவுல தேக்கா பக்கம் ஒரு கடையில பரிமாறற அண்ணன் ஒருத்தர்கிட்ட ஒரு நாள் நேராவே கேட்டேன், "அண்ணே, இந்த சர்வீஸ் சார்ஜ் உங்களுக்கு வருமா?" சாம்பார் வாளியோட நின்னுக்கிட்டே சிரிச்சார். "பேருலதாம்மா எங்க சர்வீஸ் இருக்கு."

அப்ப நாம வெளியூர் போகும்போது ரெண்டு தப்பான பாடத்தக் கொண்டு போறோம். ஒண்ணு, பில்லுல சதவீதம் இருந்தா ஆளுக்குப் போய்ச் சேந்துடும்ங்கற நம்பிக்கை. ரெண்டு, பில்லுல எதுவும் இல்லன்னா எதுவும் வைக்க வேணாம்ங்கற நினைப்பு. சில ஊர்ல ஒண்ணு தப்பு, சில ஊர்ல ரெண்டுமே தப்பு.

எத வச்சு எடை போடறது

என்கிட்ட கேக்கறவங்க எல்லாரும் "எத்தனை சதவீதம்"னுதான் ஆரம்பிக்கறாங்க. அத நான் கடைசில வச்சுக்கறேன். முதல் கேள்வி, பரிமாறறவங்களோட சம்பளம் யார் பையிலேர்ந்து போகுது, முதலாளி பையா, நம்ம பையா? இதுக்கு விடை தெரிஞ்சா மத்தது பாதி தெளிஞ்சுடும். ரெண்டாவது, ஏற்கெனவே கட்டினதையே இன்னொரு தடவை கட்டுறோமா. மூணாவது, மெனுவுல பாத்த விலைக்கும் கைய விட்டுப் போற காசுக்கும் எவ்வளவு தூரம். நாலாவது சங்கடம், நமக்கும் சரி அவங்களுக்கும் சரி. அஞ்சாவது, லீவுல போய் எவ்வளவு மண்டைய உடைச்சுக்கறது, ஏன்னா பசியோட ரெண்டு பிள்ளைங்க பக்கத்துல இருக்கும்போது சட்டம் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

நான் பாத்த வரைக்கும் ஆளுங்க மூணு வழியில ஒண்ணப் பிடிச்சுக்கறாங்க.

வழி 1: நம்ம ஊர் மாதிரியே, பில்லுல இருக்கறத மட்டும் கட்டறது

எங்க அப்பா வழி இது. "பில்லு எவ்வளவோ அவ்வளவு, கடைக்காரன் கேட்டத கொடுத்தாச்சு, அப்புறம் என்ன?" கேக்க கஞ்சத்தனமா இருக்கும், ஆனா உலகத்துல பாதி ஊர்ல இதுதான் சரியான வழி, அப்பாவுக்கே அது தெரியாது.

ஜப்பான்ல டிப்ஸ் பழக்கமே இல்ல. டோக்கியோவுல ஒரு சின்ன நூடுல்ஸ் கடையில நான் 500 யென் நாணயத்த மேசையில வச்சுட்டு வந்தேன், அந்தப் பொண்ணு படியிறங்கி ஓடி வந்து, நான் மறந்துட்டேன்னு நினைச்சு ரெண்டு கையாலயும் நீட்டுனா, குனிஞ்சு வணக்கம் வேற. எனக்கு முகம் சிவந்துபோச்சு, வாங்கிக்கிட்டு நானும் குனிஞ்சேன், ரெண்டு பேரும் மாறி மாறிக் குனிஞ்சுட்டு நின்னோம். அங்க விலையும் 2021 ஏப்ரல்லேர்ந்து வரி சேத்துத்தான் காட்டணும், சில மெனுவுல வரியில்லாத விலைய பெருசாவும் வரியோட விலைய சிறுசாவும் போடுவாங்க, சிறுச பாருங்க. உக்காந்து சாப்பிட்டா வரி 10%, எடுத்துட்டுப் போனா 8%.

ஆனா இஸகாயாங்கற குடிச்சுச் சாப்பிடற கடையில ஒதோஷின்னு ஒண்ணு வரும், உக்காந்த உடனே நாம கேக்காத ஒரு சின்னக் கிண்ணம், தலைக்கு 300லேர்ந்து 500 யென் வரைக்கும், அதுதான் அங்க இடத்துக்கான காசு. எங்க மாமியார் சுத்த சைவம், அவங்க முன்னாடி மீன் துண்டோட கிண்ணம் வந்து நின்னுது, சாப்பிடலன்னாலும் காசு போச்சு. கேக்காததுக்குக் காசான்னு சண்டைக்குப் போகாதீங்க, நம்ம ஊர் வேர்க்கடலைக்கு அண்ணன் அது. பெரிய ஓட்டல்ல உள்ள ரெஸ்டாரன்ட்ல 10, 15% சர்வீஸ் சார்ஜ் பில்லுலயே வரும், அதோட முடிஞ்சுது.

கொரியாவும் இப்படித்தான், டிப்ஸ் கிடையாது. ஹாங்காங்ல 10% பில்லுலயே வரும், ஜிஎஸ்டி மாதிரி வரி அந்த ஊர்ல கிடையாது, டிம்சம் கடையில தலைக்குத் தேத்தண்ணிக் காசு மட்டும் தனியா ஏறும். பிரான்ஸ்ல 1987லேர்ந்தே மெனு விலைக்குள்ளயே வரியும் சர்வீஸும் அடங்கியிருக்கணும்னு விதி, சாப்பாடு பிடிச்சிருந்தா ஒண்ணு ரெண்டு ஈரோ நாணயம் வச்சுட்டு வரலாம், வைக்கலன்னாலும் யாரும் பாக்கமாட்டாங்க. பாட்டில் தண்ணி வாங்கி அஞ்சாறு ஈரோவ விடாதீங்க, "கராஃப் தோ"ன்னு கேட்டா குழாய்த் தண்ணி ஜாடியில இலவசம், கொடுத்தாகணும்.

ஆஸ்திரேலியாவுல அடிப்படைச் சம்பளமே மணிக்கு 24 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல, அதனால டிப்ஸ எதிர்பாத்து யாரும் நிக்கறதில்ல. அங்க ஒளிஞ்சிருக்கற செலவு வேற மாதிரி, ஞாயித்துக்கிழமை 10%, பொது விடுமுறைன்னா 15%னு நிறைய கடையில தனியா சேப்பாங்க, கார்டுக்குன்னு ஒண்ணு ரெண்டு சதவீதம் அது மேல. கிறிஸ்மஸ் லீவுக்கு மெல்பர்ன் போறவங்க நல்ல சாப்பாட்ட வார நாள்ல வச்சுக்குங்க.

இந்த வழி கவுந்துபோறது அமெரிக்காவுல. அங்க மத்திய அரசுச் சட்டப்படி டிப்ஸ் வாங்கற ஆளுக்கு முதலாளி கைக்காசா கொடுக்க வேண்டிய குறைஞ்சபட்சம் மணிக்கு 2 டாலர் 13 சென்ட், 1991லேர்ந்து அந்தத் தொகை மாறவே இல்ல. மிச்சத்த டிப்ஸ் நிரப்பணும், 7.25 வரைக்கும் நிரம்பலன்னா முதலாளி போடணும்னு சட்டம் சொல்லுது. டெக்சாஸ்ல இன்னிக்கும் அதே 2.13தான். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலத்துல முழு அடிப்படைச் சம்பளமும் முதலாளியே கொடுக்கணும், ஆனாலும் டிப்ஸ் பழக்கம் அங்க குறைஞ்சபாடில்ல. நிறைய கடையில பரிமாறறவங்க தங்களுக்கு வர்ற டிப்ஸ்ல ஒரு பங்க மேசை துடைக்கறவங்களுக்கும் பானம் ஊத்தறவங்களுக்கும் கொடுத்தாகணும், அதுவும் சில கடையில வித்த தொகைய வச்சுக் கணக்கு, அப்ப நீங்க ஒண்ணும் வைக்காம எழுந்து வந்தா அந்தப் பொண்ணு தன் கைக்காச எடுத்துக் கொடுக்கற நிலைமை வரலாம். அப்பா அங்க போய் "பில்லு எவ்வளவோ அவ்வளவு"ன்னா அது சிக்கனமில்ல, அடுத்தவ கூலியில கை வைக்கற மாதிரி.

வழி 2: எங்க போனாலும் கண்ண மூடிட்டு 10%

எங்க வீட்டுக்காரர் நியூயார்க்குக்கு அப்புறம் இதுக்கு மாறுனார். தசமப் புள்ளிய ஒரு எடம் நகத்தினா கணக்கு முடிஞ்சுது, மூளைக்கு வேலையில்ல. வயசானவங்க, பல நாடு ஒரே பயணத்துல போற டூர் ஆளுங்க இதத்தான் விரும்பறாங்க, எனக்குப் புரியுது.

ஆனா கணக்கப் போட்டுப் பாருங்க. ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு 150 வெள்ளிக்குச் சாப்பிடுது, பத்து நாள். 10% வச்சா 150 வெள்ளி. அந்தப் பத்து நாளும் பாங்காக்லயும் ஹாங்காங்லயும் ++ கடையில சாப்பிட்டிருந்தீங்கன்னா பில்லுலயே ஒரு 10% போயிருக்கும், அந்த 150 வெள்ளி ரெண்டாவது தடவை கட்டினது. பாங்காக்ல 10% சர்வீஸ் சார்ஜும் அது மேல 7% வரியும் போட்டு 100க்கு 117.70 ஆகுது, நம்ம பில்லோட தம்பி மாதிரி. பாலியில 21% வரைக்கும் கூட போகும், உள்ளூர் வரி 10, மிச்சம் சர்வீஸ். இதுக்கெல்லாம் மேல இன்னொரு 10 வைக்கறது தர்மம்னு நினைச்சா வைங்க, கடமைன்னு நினைச்சு வைக்காதீங்க.

அதே 10% அமெரிக்காவுல வச்சா அர்த்தமே மாறிடும். ஒண்ணும் வைக்கலன்னா "பாவம், வெளிநாட்டு ஆளு, தெரியல"ன்னு விட்டாலும் விடுவாங்க, 10% வச்சா "சர்வீஸ் சரியில்ல"ன்னு நீங்க புகார் சொல்ற மாதிரி எடுத்துக்குவாங்க. அங்க உக்காந்து சாப்பிட்டா 18லேர்ந்து 20ங்கறது இப்ப சாதாரணம். லெக்சிங்டன் அவென்யூல நம்ம தோசைக் கடைக்குப் போனாலும் இதே கணக்குதான், நம்மாளுங்க கடைதானேன்னு குறைச்சு வைக்கற பழக்கம் நம்மகிட்ட நிறைய, பரிமாறற பையனுக்கு வீட்டு வாடகை நியூயார்க் வாடகைதான். எடுத்துட்டுப் போற காப்பிக்கு மெஷின் 25 காட்டுனாலும் ஒண்ணும் வேணாம், "நோ டிப்" பட்டன் ஓரமா இருக்கும், வெக்கப்படாம அமுக்குங்க.

அப்ப 10% எங்கதான் பொருந்தும்? ஜெர்மனில நல்லாப் பொருந்தும், அங்க 5லேர்ந்து 10 வரைக்கும் ரவுண்டா ஏத்திக் கொடுக்கறது வழக்கம், ஆனா மேசையில வச்சுட்டு வரக்கூடாது, காசு வாங்க வர்றவங்ககிட்ட மொத்தத்த வாயால சொல்லணும். 27 ஈரோ 50 ஆச்சுன்னா 30னு சொல்லி நோட்ட நீட்டினா மிச்சம் அவங்களுது. சென்னையில சர்வீஸ் சார்ஜ் போடாத ஏசி ரெஸ்டாரன்ட்ல 10% வச்சா தாராளம், இட்லி வடை சாப்பிட்டுட்டு வர்ற கடையில சோம்புத் தட்டுல இருபது ரூபா வச்சா போதும்.

சென்னைன்னு வந்துட்டதால இதையும் சொல்லிடறேன், நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியல. இந்தியாவுல சர்வீஸ் சார்ஜ தானா பில்லுல சேக்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில வழிமுறை போட்டுச்சு, ரெஸ்டாரன்ட் சங்கங்க கோர்ட்டுக்குப் போச்சு, 2025 மார்ச்ல டில்லி உயர்நீதிமன்றம் அந்த வழிமுறை செல்லும்னு சொல்லிடுச்சு. ஆக பில்லுல வந்தா "எடுத்துடுங்க"ன்னு கேக்கலாம், மாட்டேன்னா நுகர்வோர் உதவி எண் 1915. ஜிஎஸ்டி 5% வேற, அத எடுக்கச் சொல்ல முடியாது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ஒரு கடையில நான் எடுக்கச் சொன்னேன், மேனேஜர் ஒண்ணும் பேசாம எடுத்துட்டார், ஆனா பரிமாறுன பையன் முகம் வாடுச்சு, அவன் கையில நூறு ரூபாய வச்சுட்டு வந்தேன். பில்லுல போயிருக்க வேண்டியத விடக் கம்மிதான், ஆனா யார் கைக்குப் போச்சுன்னு கண்ணால பாத்தேன்.

வழி 3: ஊருக்கு ஊர் பாத்து, பில்லப் படிச்சு

நான் இப்ப இதுல இருக்கேன், வேலை கொஞ்சம் ஜாஸ்தி. ஒவ்வொரு ஊருக்கும் போகறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் போகும், மேசையில பில்லு வந்ததும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு நான் படிக்க ஆரம்பிச்சா பிள்ளைங்க "அம்மா ஆடிட்டர்"னு கிண்டல் பண்ணுதுங்க. பண்ணட்டும்.

படிக்கறதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல வரியையும் சர்வீஸையும் பிரிச்சுப் பாருங்க, பேர் ஒரே மாதிரி இருந்து ஏமாத்தும். மலேசியாவுல ஜேபில, அதாவது ஜோகூர் பாருல, இது நிறைய நடக்குது, "சர்வீஸ் டாக்ஸ்" 6%ங்கறது மலேசிய அரசாங்கத்துக்குப் போற வரி, மத்த பல சேவைக்கு 2024 மார்ச்ல 8 ஆனப்பவும் சாப்பாட்டுக்கு 6லயே விட்டாங்க. "சர்வீஸ் சார்ஜ்" 10%ங்கறது கடைக்குப் போறது, எல்லாக் கடையும் போடாது. நம்மாளுங்க 6 பாத்த உடனே "அதான் டிப்ஸ் போயிடுச்சே"ன்னு கிளம்பறாங்க. மாமாக் கடையில, அதாவது அங்க இருக்கற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, ரொட்டி சானாய்க்கு யாரும் டிப்ஸ் வைக்கறதில்ல, அது வேற விஷயம்.

அடுத்தது, சர்வீஸ் சார்ஜ் இருந்தா அது கட்டாயமா விருப்பமா. லண்டன்ல பில்லுக்கடியில "டிஸ்க்ரிஷனரி" 12.5%னு போடுவாங்க, அப்படின்னா உங்க விருப்பம்னு அர்த்தம், சாப்பாடு மோசமா இருந்தா எடுக்கச் சொல்லலாம், சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கு. விட்டுட்டா மேல ஒரு காசும் வேணாம். அங்க இன்னொரு நல்ல காரியம் நடந்திருக்கு, 2024 அக்டோபர் 1லேர்ந்து டிப்ஸையும் சர்வீஸ் சார்ஜையும் முதலாளி பிடிச்சு வச்சுக்காம ஊழியர்களுக்கே முழுசா, நியாயமாப் பிரிச்சுக் கொடுக்கணும்னு சட்டம் அமலுக்கு வந்துடுச்சு. தேக்கா அண்ணன்கிட்ட இதச் சொன்னப்ப, "அப்ப நான் லண்டனுக்கே போயிடறேம்மா"ன்னார்.

ஈஸ்ட்ஹாம் பக்கம் நம்ம தமிழ்க் கடைங்கள்ல பல எடத்துல சர்வீஸ் சார்ஜே போடமாட்டாங்க, அங்க 10% கைல கொடுத்தா சந்தோஷப்படுவாங்க.

இத்தாலில "கோப்பெர்த்தோ"ன்னு தலைக்கு ஒண்ணுலேர்ந்து மூணு ஈரோ வரைக்கும் போடுவாங்க, ரொட்டிக்கும் மேசைக்கும். அது டிப்ஸும் இல்ல வரியும் இல்ல, உக்காந்ததுக்குக் காசு. அஞ்சு பேர் போனா பதினஞ்சு ஈரோ காணாமப் போகும். காப்பிய நின்னுக்கிட்டுக் குடிச்சா விலை கம்மி, அதே காப்பிய உக்காந்து குடிச்சா கூட.

மொத்தத்தையும் ஒரு அட்டவணையில போட்டு வச்சிருக்கேன், குடும்ப வாட்ஸப்ல இதத்தான் அனுப்பறேன். மெனுவுல 100னு இருந்தா, அந்த ஊர் காசுல, கைய விட்டு எவ்வளவு போகும்னு:

| ஊர் | கடைசில போறது | ஏன் | மேல வைக்கணுமா |
|---|---|---|---|
| சிங்கப்பூர், ++ கடை | 119.90 | சர்வீஸ் 10, அது மேல ஜிஎஸ்டி 9 | வேணாம், மனசிருந்தா கைல |
| ஜேபி, சர்வீஸ் சார்ஜ் போடற கடை | 116 பக்கம் | சர்வீஸ் 10, வரி 6 | வேணாம் |
| பாங்காக், ++ கடை | 117.70 | சர்வீஸ் 10, அது மேல வரி 7 | வேணாம், சில்லறை விட்டா போதும் |
| பாலி, ++ கடை | 121 வரைக்கும் | உள்ளூர் வரி 10, மிச்சம் சர்வீஸ் | வேணாம் |
| ஹாங்காங் | 110 | சர்வீஸ் மட்டும் | வேணாம் |
| டோக்கியோ | 100 | வரி சேந்த விலை, ஒதோஷி தனி | வைக்கவே வேணாம் |
| சென்னை ஏசி கடை | 105 | ஜிஎஸ்டி | 5லேர்ந்து 10, கைல |
| பாரிஸ் | 100 | எல்லாம் உள்ளடக்கம் | ஒண்ணு ரெண்டு ஈரோ, விருப்பம் |
| லண்டன் | 112.50 | விருப்ப சர்வீஸ், வரி விலைக்குள்ளயே | வேணாம் |
| மெல்பர்ன், ஞாயிறு | 110 | வார இறுதிக் கூடுதல் | வேணாம் |
| நியூயார்க் | 129 பக்கம் | வரி 8.875, டிப்ஸ் 20 | அந்த 20தான் டிப்ஸ் |

கடைசி வரிய ரெண்டு தடவை படிங்க. நியூயார்க்ல டிப்ஸ வரிக்கு முந்தின தொகைக்குத்தான் கணக்குப் போடணும், ஆனா நிறைய மெஷின் வரிக்கு அப்புறமான தொகைக்குப் போட்டு பட்டன்ல காட்டும். பழைய ஆளுங்க சொல்ற குறுக்குவழி, பில்லுல இருக்கற வரிய ரெண்டால பெருக்கு, 17.75% வந்துடும், அதுக்கு மேல ரெண்டு மூணு டாலர் ரவுண்டு பண்ணிக்கோ. நியூயார்க்ல மட்டுந்தான் இது வேலை செய்யும், ஒரிகன்ல விற்பனை வரியே கிடையாது, பூஜ்யத்த எத்தனையால பெருக்குனாலும் பூஜ்யம்.

கார்டுலயா, காசாவா

இது தனிச் சண்டை. நான் முடிஞ்ச வரைக்கும் காசு பக்கம், ஏன்னா யார் கைக்குப் போகுதுங்கறது கண்ணுக்குத் தெரியும். ஆனா காசுக்கும் செலவிருக்கு. சிங்கப்பூர்ல முஸ்தபாவுலயோ ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேட்லயோ காசு மாத்தும்போது பெரிய நோட்டாத்தான் கைல வரும், அஞ்சும் பத்தும் கேட்டா சில பேர் ஒரு மாதிரி பாப்பாங்க, பரவால்ல, கேளுங்க. 100 டாலர் நோட்ட வச்சுக்கிட்டு 6 டாலர் டிப்ஸ் எப்படி வைக்கறது?

கார்டுன்னா ரெண்டு எடத்துல காசு ஒழுகும். மெஷின் "சிங்கப்பூர் டாலர்ல கட்டறீங்களா, உள்ளூர் காசுலயா"ன்னு அன்பாக் கேக்கும். சிங்கப்பூர் டாலர்னு அமுக்குனா அவங்க வச்சதுதான் மாற்று விகிதம், நாலஞ்சு சதவீதம் சத்தமில்லாமப் போயிடும், டிப்ஸ் மேலயும் சேத்துத்தான். எப்பவும் உள்ளூர் காசு. ரெண்டாவது, நம்ம பேங்க் கிரெடிட் கார்டு பலதும் வெளிநாட்டுச் செலவுக்கு 3.25% எடுத்துக்குது, யூடிரிப் மாதிரி பல நாணயக் கார்டு வச்சிருந்தா அது மிச்சம். 20% டிப்ஸ்ல ஒரு சதவீதம் குறைக்கலாமான்னு மேசையில கூனிக் குறுகி யோசிக்கறவங்க, இந்த மூணே காலப் பத்தி யோசிக்கறதே இல்ல.

அமெரிக்காவுல கார்டுல டிப்ஸ் எழுதினா பேங்க் ஆப்புல முதல்ல டிப்ஸ் இல்லாத தொகை காட்டும், ரெண்டு மூணு நாள் கழிச்சு டிப்ஸோட மாறும். ஏமாத்திட்டான்னு பதறாதீங்க. ஆனா உங்க பிரதிய ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா, எழுதினதுக்கு மேல எடுத்தாங்கன்னா பேங்க்ல காட்டலாம். டிப்ஸ் வேண்டாத பில்லுல அந்த இடத்த காலியா விடாம ஒரு கோடு கிழிச்சு மொத்தத்த எழுதிடுங்க. எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு அந்தக் கோட்ட மட்டும் கிழிச்சிருந்தா 60 டாலர் மிச்சம்.

அப்ப யாருக்கு எது

ஜப்பான், கொரியா, தைவான், ஆஸ்திரேலியா பக்கம் மட்டும் போறவங்களுக்கு வழி 1 போதும், எங்க அப்பா மாதிரி நிமிந்து நடந்து வாங்க. வயசான அப்பா அம்மாவ தனியா ஐரோப்பா டூருக்கு அனுப்பறீங்கன்னா வழி 2, ஆனா "பில்லுல சர்வீஸ்னு ஏதாவது எழுதியிருந்தா வைக்காதீங்க"ன்னு ஒரே ஒரு வாக்கியத்த சேத்துச் சொல்லி அனுப்புங்க, அந்த ஒரு வாக்கியம் பாதிச் செலவ மிச்சம் பண்ணும். அமெரிக்கா, கனடா போறவங்களுக்கு வழி 3 தவிர வேற வழியில்ல, அதுவும் ஆறு பேருக்கு மேல போனா பில்ல படிக்காம பேனாவத் தொடவே கூடாது. பட்ஜெட் போடும்போதே மெனு விலையோட 30% சேத்துப் போட்டுடுங்க, அங்க போய் அதிர்ச்சியாக வேணாம். அவ்வளவு கட்டுப்படியாகாதுன்னா உக்காந்து சாப்பிடற கடைய குறைச்சுக்கிட்டு கவுண்டர்ல வாங்கற கடைக்குப் போங்க, பரிமாறறவங்க காசுல மிச்சம் பிடிக்காதீங்க.

மரீனா பேலேர்ந்து கப்பல்ல போறவங்க இன்னொண்ணு பாத்துக்குங்க, சாப்பாடு இலவசம்னு விளம்பரம் இருக்கும், ஆனா தலைக்கு ஒரு நாளைக்கு 15லேர்ந்து 20 அமெரிக்க டாலர் வரைக்கும் கிராஜுவிட்டின்னு தனியா வரும் கப்பல் நிறைய, பிள்ளைங்களுக்கும் சேத்து. நாலு பேர், நாலு ராத்திரின்னா கணக்கப் போட்டுக்குங்க. டிக்கெட் வாங்கும்போதே சேந்திருக்கான்னு கேட்டுடுங்க.

நாத்தனார் குடும்பம் இந்த டிசம்பர்ல ஹாங்காங் மூணு நாள், டோக்கியோ ஏழு நாள். பத்து நாளைக்கும் டிப்ஸுக்குன்னு அவங்க ஒதுக்கி வச்சது 300 வெள்ளியாம். அத எடுத்து நல்ல ஜாக்கெட்டா வாங்கிக்கச் சொல்லிட்டேன், மாமியாரும் கூடப் போறாங்க, அவங்களுக்கு ஒதோஷி வந்தா யார் சாப்பிடறதுன்னு மட்டும் முன்னாடியே பேசி வச்சுக்கச் சொன்னேன்.